பருத் தழும்பு: முகத்துக்கும் மருந்து, மனசுக்கும் மருந்து

வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு முகத்தில் பரு வருவது புதுசான விஷயம் இல்லை. "எல்லாருக்கும் வர்றதுதான், தானாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு நாம் மலைக்குப் போய்விடுகிறோம். அநேகம் பிள்ளைகளுக்கு அது அப்படித்தான் போகிறது. ஆனால் சிலருக்குப் பரு போகும்போது குழியையும் கறுப்பையும் முகத்தில் விட்டுவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை திருவிழாவுக்கு வரமாட்டேன் என்கிறது. ஸ்கூலில் போட்டோ எடுக்கிற நாளில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறது. பையனாக இருந்தால் தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

கம்பளை, புசல்லாவை, நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் தாய்மார் நம்மிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்தக் குழி மறையுமா? எந்த கிரீம் பூசணும்?" இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த மாதம் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம். பெற்றோரும் படியுங்கள், பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள்.

பரு ஏன் வருகிறது, தழும்பு ஏன் விழுகிறது?

நம்ம தோலில் சின்னச் சின்ன துவாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துவாரத்துக்கு அடியிலும் எண்ணெய் சுரக்கிற ஒரு சுரப்பி இருக்கிறது. வயசுக்கு வருகிற காலத்தில் உடம்பில் ஓமோன் மாறுவதால் இந்த எண்ணெய் கூடுதலாகச் சுரக்கிறது. துவாரத்தின் வாய் அடைபட்டு எண்ணெய் உள்ளே தேங்குகிறது. தோலில் எப்போதும் இருக்கிற ஒரு வகைக் கிருமி அங்கே பெருகுகிறது. அந்த இடம் சிவந்து வீங்குகிறது. இதுதான் பரு.

வீக்கம் மேலாக இருந்தால் ஆறியதும் அடையாளம் இல்லாமல் போய்விடும். ஆழமாகப் போனால் தோலுக்கு அடியில் அதைத் தாங்கி நிற்கிற நார் அழிந்துவிடும். மழைத் தண்ணீர் அடிமண்ணை அரித்துக்கொண்டு போனால் மேலே தரை உள்வாங்குகிறது அல்லவா, அதேபோலத்தான் தோலும் உள்வாங்கிக் குழியாகிறது. பருவைக் கிள்ளுவதும் நசுக்குவதும் இந்த வீக்கத்தை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். பாதித் தழும்பு நம்ம விரல் நகத்தால் விழுந்தது என்றாலும் தப்பில்லை.

"சூட்டு உடம்பு, அதான் பரு", "முகம் கழுவாம இருக்கா, அதான்", "கல்யாணம் கட்டினா சரியாப் போயிரும்" என்றெல்லாம் சொல்லுவார்கள். இதில் எதுவும் சரியில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சவுக்காரம் போட்டுக் கழுவினால் தோல் காய்ந்து எரியுமே தவிர, பரு நிற்காது. காலையும் மாலையும் இரண்டு தடவை, மெதுவாகக் கழுவினால் போதும். கல்யாணத்துக்கும் பருவுக்கும் சம்பந்தமே கிடையாது. இனிப்பும் பாலும் அதிகமாகச் சாப்பிட்டால் சிலருக்குப் பரு கூடலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதற்காக வளருகிற பிள்ளைக்கு முட்டையையும் மீனையும் நிறுத்திவிடாதீர்கள்.

பொம்பளைப் பிள்ளைக்குப் பருவோடு சேர்ந்து மாதவிலக்கும் ஒழுங்கில்லாமல், தாடையிலும் மேல் உதட்டிலும் முடி வளருகிறது என்றால், அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சூலகத்தில் வேறு ஒரு பிரச்சினை இருக்கலாம். அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

தோட்டத்து வேலையில் கவனிக்க வேண்டியது

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுத்துகிற இடத்திலும், நெற்றியிலும், கழுத்துப் பின்புறத்திலும் வியர்வையும் உராய்வும் சேர்ந்து பரு வரலாம். கயிற்றுக்கு அடியில் வைக்கிற தலைத்துணியைத் தினமும் துவைத்துக் காயப் போடுங்கள். இரண்டு துணி இருந்தால் மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அதுவும் துவாரத்தை அடைக்கும். எண்ணெயைக் குறைத்து, இரவில் வைத்துக் காலையில் அலசிவிடுங்கள். மலையில் இருந்து வந்ததும் முகத்தைத் தண்ணீரால் கழுவுங்கள்.

வெயில் பருத் தழும்பின் கறுப்பைக் கூட்டும். சூரிய வெளிச்சத்தைத் தடுக்கிற கிரீம் வாங்க எல்லாருக்கும் வசதி இருக்காது. அகலமான தொப்பி, முகத்துக்கு நிழல் விழுகிற மாதிரி இழுத்துக் கட்டிய முக்காடு, இவையும் நல்ல காவல்தான்.

எல்லா அடையாளமும் குழி இல்லை

வைத்தியத்துக்கு முன்னால் முகத்தில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். மூன்று வகை இருக்கிறது.

முதலாவது, தட்டையான கறுப்பு அடையாளம். விரலால் தடவினால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இது உண்மையில் தழும்பு இல்லை, வெறும் நிறம்தான். நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான தோலில் இது அதிகம். புதுப் பரு வராமல் பார்த்துக்கொண்டால் மாதக் கணக்கில் தானாகவே மங்கும். சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். ரொம்பப் பிள்ளைகள் குழி என்று நினைத்து அழுவது இந்தக் கறுப்பைப் பார்த்துத்தான்.

இரண்டாவது, குழி. ஊசியால் குத்தினது போல ஆழமாகவும் இருக்கும், அகலமாகவும் இருக்கும், அலை அலையாகவும் இருக்கும். இது தானாக நிரம்பாது.

மூன்றாவது, மேடான தடித்த தழும்பு. தாடை, நெஞ்சு, தோள் ஆகிய இடங்களில் வரும். சிலருக்கு அரிக்கும், சிலருக்கு வலிக்கும். இதை வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வளரக்கூடும். தழும்புக்குள் ஊசி மருந்து போட்டுத்தான் பெரும்பாலும் அடக்குவார்கள்.

வீட்டில் நாம் பேசுகிற பேச்சு

முகத்தில் இருக்கிறதை அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு இருபது தடவை கண்ணாடியில் பார்க்கிறது. அதற்குத் தெரியாத ஒன்றை நாம் சொல்லப் போவதில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். "என்னா புள்ள மூஞ்சி இப்பிடிப் போச்சு?" என்று பிரட்டுக் களத்தில் கேட்கிறோம். "இந்த மூஞ்சிய யாரு கட்டுவா?" என்று பாட்டி சிரிப்பாகச் சொல்லுகிறார். வந்த விருந்தாளி முன்னால் "அக்காளுக்கு எவ்வளவு நல்ல முகம், இவளுக்குத்தான்..." என்று இழுக்கிறோம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்கிற பிள்ளைக்கு அது தெரியாது.

பரு, தழும்பு உள்ள இளம் பிள்ளைகளிடம் கவலையும் மனச்சோர்வும் கூடுதலாக இருப்பதைப் பல நாடுகளில் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். முகத்தில் எத்தனை தழும்பு என்று எண்ணிப் பார்த்து மனசின் பாரத்தை அளக்க முடியாது. நான்கு குழி உள்ள பிள்ளை நாற்பது குழி உள்ள பிள்ளையைவிட அதிகமாக வருந்தலாம். அதனால் "இது ஒரு விஷயமா?" என்று தள்ளிவிட வேண்டாம். அந்த வார்த்தை ஆறுதல் இல்லை. பிள்ளை அதற்குப் பிறகு நம்மிடம் எதையும் சொல்லாது.

அப்படியானால் என்ன செய்வது? பிள்ளையாகப் பேச்சை எடுத்தால் வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். "உனக்குக் கஷ்டமா இருக்குனு தெரியுது. வா, டொக்டர்கிட்ட காட்டிப் பாப்போம்" என்ற ஒரு வார்த்தை பெரிய பலம். முகத்தைப் பற்றிய பேச்சை மற்றவர்கள் எடுத்தால் நீங்களே வேறு பேச்சுக்கு மாற்றுங்கள். பிள்ளை நன்றாகச் செய்கிற காரியத்தை, படிப்போ பாட்டோ கிரிக்கெட்டோ, பேர் சொல்லிப் பாராட்டுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று நீங்கள் பார்க்கிற மாதிரி உங்கள் முகத்தை வேறு யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடி பார்ப்பதைக் காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை என்று குறைத்துப் பாருங்கள். முகம் சரியான பிறகு போகலாம் என்று திருவிழாவையும் நேர்முகப் பரீட்சையையும் தள்ளிப் போடாதீர்கள். முகத்துக்கு வைத்தியம் ஒரு பக்கம் நடக்கட்டும், வாழ்க்கையும் அதன் பாட்டில் நடக்கட்டும். போனில் பார்க்கிற மாசு மருவில்லாத முகங்கள் பலவும் போனே அழித்துத் துடைத்துக் காட்டுகிற முகங்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் முன்னோர் முகத்தில் இருந்த தழும்பு

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் முகத் தழும்பு என்றால் அம்மைத் தழும்புதான். தமிழ்நாட்டில் இருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். பெரியம்மை அவ்வளவு பயங்கரமாக இருந்தது. பிழைத்தவர்கள் முகமெல்லாம் குழியோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் கடைசியாக அந்த நோய் கண்டது 1975இல். உலகத்தில் இருந்தே அது ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது.

அந்தத் தழும்பு முகங்களோடுதான் ஆட்கள் மலையில் கொழுந்து எடுத்தார்கள், கல்யாணம் கட்டினார்கள், பிள்ளை வளர்த்தார்கள், காமன் கூத்தில் ஆடினார்கள். பிழைத்து வந்த முகம் என்று பார்த்தவர்களும் உண்டு. தழும்பு உள்ள முகத்தோடு நிறைவாக வாழலாம் என்பதை நமக்கு வெளியில் இருந்து யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வைத்தியம் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வைத்தியம் முடிகிற வரைக்கும் பிள்ளை தலை குனிந்து இருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

டப்பாவில் வருகிற ஆபத்து

சம்பள நாளில் டவுனுக்குப் போனால் "7 நாளில் வெள்ளை" என்று சொல்லி கிரீம் விற்கிறார்கள். இப்போது போனிலும் விற்கிறார்கள். விளக்கம் இல்லாமல் வாங்கினால் இரண்டு ஆபத்து இருக்கிறது.

ஒன்று, பாதரசம். வெள்ளையாக்கும் சில கிரீம்களில் இதைக் கலக்கிறார்கள். பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளைக்கும் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கும் தீங்கு. பூசினவரின் கையில் இருந்தும் துவாயில் இருந்தும் வீட்டில் மற்றவர்களுக்கும் போகும். பாதரசம் சம்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. 2023இல் கூடிய அதன் மாநாட்டில், பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025க்குள் முழுவதுமாக நிறுத்த முடிவெடுத்தார்கள். தீர்மானம் போட்டாலும் கள்ளத்தனமாக வருகிறது வந்துகொண்டுதான் இருக்கும். செய்தவர் பேர், விலாசம், என்ன என்ன சேர்த்திருக்கிறது என்ற விபரம் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம்.

மற்றது, ஸ்டீரோயிட் கிரீம். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்ற பேர்களில் வருகிறது. சில தோல் வியாதிக்கு இது நல்ல மருந்து. ஆனால் பருவுக்கு இதைப் பூசினால் முதல் கிழமை முகம் பளபளப்பாகும், பிறகு தோல் மெலியும், சிவந்து எரியும், பரு முன்னைவிட அதிகமாக வரும். ஏற்கனவே மாதக் கணக்கில் பூசியிருந்தால் வெட்கப்படாமல் அந்த டப்பாவையே டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்லுவார்.

எலுமிச்சம் சாறு, பற்பசை, அப்பச்சோடா இவற்றையும் முகத்தில் போட வேண்டாம். எலுமிச்சம் சாறு பூசி வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கறுத்துவிடும். மஞ்சளும் சந்தனமும் அநேகம் பேருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அவை குழியை நிரப்பாது.

வைத்தியத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு

முதலில் பருவை நிறுத்த வேண்டும். பிறகுதான் தழும்பு. பரு வந்துகொண்டே இருக்கும்போது தழும்புக்குச் செலவு செய்தால், ஒரு பக்கம் குழியை மூட மறுபக்கம் புதுக் குழி விழும்.

இலேசான பருவுக்குப் பென்சாயில் பெரொக்சைட், அடாபலின் போன்ற பூச்சு மருந்துகளைக் கொடுப்பார்கள். தொடக்கத்தில் தோல் கொஞ்சம் காயும், எரியும். பலன் தெரிய 8 முதல் 12 கிழமை ஆகும். இரண்டு கிழமையில் "இது சரியில்ல" என்று நிறுத்துவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. பொறுமை வேண்டும். பென்சாயில் பெரொக்சைட் துணியில் பட்டால் நிறம் போய்விடும், அதனால் பழைய தலையணை உறை போட்டுப் படுங்கள்.

பரு கடுமையாக இருந்தால் டொக்சிசைக்ளின் போன்ற மாத்திரையைப் பூச்சு மருந்தோடு சேர்த்துச் சில மாதத்துக்குக் கொடுப்பார்கள். அதற்கும் கேட்காமல் கட்டி கட்டியாக வந்து குழி விழுந்தால் ஐசோட்ரெட்டினோயின் என்ற மாத்திரை உண்டு. மிகவும் பலன் உள்ள மருந்து, ஆனால் தோல் நோய் வைத்திய நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும். இதை எடுக்கும்போது கர்ப்பம் தரித்தால் குழந்தைக்குப் பெரிய ஊனம் வரும். மருந்தை நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. ஒருவருக்கு எழுதின மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது பெரும் ஆபத்து. மருந்து எடுக்கிற காலத்தில் மனசு சோர்ந்தாலும் உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும், பிள்ளைக்காகப் பார்த்திருப்பவர்களும் எந்தப் பரு மருந்துக்கும் முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். அடாபலினும் டொக்சிசைக்ளினும்கூட அவர்களுக்கு ஆகாது.

பரு நின்ற பிறகு குழிக்குப் பல வழி இருக்கிறது. குழியின் அடியில் இழுத்துப் பிடித்திருக்கிற நாரை ஊசியால் அறுத்து விடுவது ஒன்று. நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்திப் புது நார் வளரச் செய்வது ஒன்று. ஊசி போன்ற ஆழக் குழிக்குள் அமிலத்தை ஒரு துளி வைப்பது ஒன்று. லேசர் ஒன்று. எந்தக் குழிக்கு எது என்பதை நிபுணர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு தடவையில் முடியாது, மாத இடைவெளியில் பல தடவை போக வேண்டும். எதுவும் தோலைப் பழையபடி முழுசாக மாற்றாது. குழியின் ஆழம் குறையும், பார்வைக்குச் சமனாகும், அவ்வளவுதான். நம்ம நிறத் தோலில் லேசரும் அமிலமும் தவறாகக் கையாண்டால் புதுக் கறுப்பு விழும். அதனால் பியூட்டி பார்லரில் "பீலிங்" செய்துகொள்ள வேண்டாம்.

இவை தனியாரிடம் செலவு அதிகமான வைத்தியம். போவதற்கு முன்னால் நான்கு கேள்வி கேளுங்கள்: எத்தனை தடவை வர வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு? எவ்வளவு குறையும்? என்ன தீங்கு வரலாம்? "நூற்றுக்கு நூறு மறையும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்காக நகையை அடகு வைப்பதும், கிழமைக் கடன் எடுப்பதும் வேண்டவே வேண்டாம். இது அவசர வைத்தியம் இல்லை. இரண்டு வருஷம் கழித்துச் செய்தாலும் செய்யலாம்.

எங்கே போவது?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுங்கள், அல்லது பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். தோல் நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கடிதம் வாங்குங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. கம்பளையில் இருந்து பேராதனை வழியாகக் கண்டிக்குப் பஸ்ஸும் ரயிலும் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் டொக்டரைப் பார்க்கக் காசு இல்லை. கிளினிக் நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போனால் ஒரு நாள் பேர் வீணாகாது. கிளினிக் புத்தகத்தையும், இதுவரைக்கும் பூசின எல்லா டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். நேரத்தோடு போவது முக்கியம். குழி விழுந்த பிறகு மூடுவதைவிட, பரு கடுமையாகும்போதே நிறுத்துவது லேசு, மலிவு.

மனசு தாங்காதபோது

பிள்ளை இரண்டு கிழமைக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், ஸ்கூலுக்கும் வேலைக்கும் போகாமல், கூட்டாளிகளையும் பார்க்காமல் இருந்தால் அது வெறும் கவலை இல்லை. டொக்டரிடம் சொல்லுங்கள், மனசுக்கும் வைத்தியம் உண்டு. "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு வந்தால் அதட்டாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். புல்லு மருந்து, பூச்சி மருந்து, மாத்திரை எதுவும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் போன் எடுக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று பிள்ளையிடம் நேராகக் கேட்கப் பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதுசாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற தைரியம்தான் வரும்.

முகத்துக்கான வைத்தியத்துக்கு மாதங்கள் ஆகும், பஸ் காசு வேண்டும், கிளினிக் நாள் பார்க்க வேண்டும். வீட்டில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்த இன்றைக்குச் சாயந்திரமே முடியும். அதில் இருந்தே தொடங்குவோம்.